சதுரச் சட்டமும் ஒளிப்பட அமைப்பும்

கண் காணும் காட்சிக்குத் திட்டமான எல்லை இல்லை. தலையைத் திருப்புந்தோறும் காட்சி விரியும். ஓரங்களில் மங்கி மறையுமேயன்றி ஒரு கோட்டில் வந்து முடிவதில்லை. ஒளிப்படமோ நான்கு கோடுகளுக்குள் அடங்கி நிற்பது. அக்கோடுகளுக்குள் எதனைக் கொள்வது, எதனை விடுப்பது, கொண்டதனை எவ்விடத்தில் நிறுத்துவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதனையே ஒளிப்பட அமைப்பு என்கின்றோம். ஓவியனும் இவ்வினாக்களை எதிர்கொள்பவனே. ஆயினும் அவன் தன் துணியின் நீள அகலங்களைத் தானே வரையறுத்துக்கொள்ள வல்லவன். ஒளிப்படக் கலைஞனுக்கோ சட்டத்தின் வடிவம் கருவி செய்தோரால் முன்னரே வகுக்கப்பட்டு விடுகின்றது. ஆதலின், சட்டத்தின் வடிவம் படத்தின் அமைப்பை எங்ஙனம் ஆள்கின்றது என அறிதல் இக்கலை பயில்வார்க்கு மட்டுமன்றி, ஒளிப்படத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்வார்க்கும் வேண்டுவதாகும்.

வழக்கிலுள்ள சட்டங்களுள் பெரும்பாலன நீள்சதுரங்களே. நான்கு பக்கமும் ஒத்த சதுரச் சட்டம் அவற்றினின்று வேறுபட்டது. அதனைப் பற்றி இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. சதுரம் அசைவற்ற வடிவம், ஆதலின் பொருளை அதன் நடுவில் நிறுத்துவதொன்றே வழி என்பது முதற்கருத்து. சதுரம் பொருள்களைச் சேர்த்துவைக்கும் களஞ்சியம் போன்றது, எடுத்தபின் வேண்டியவாறு வெட்டிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பிழையினின்று பிறந்தவை என்பதும், எடுக்கும்பொழுதே ஒரு முடிவுக்கு வருதலைத் தட்டிக்கழிப்பதே அப்பிழை என்பதும் எம் கருத்து. அதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரை.

1. சதுரம் வழக்கில் வந்தவாறு

வில்லை தோற்றுவிக்கும் உருவம் இயல்பில் வட்டமானது. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்பனைக்குக் கொணர்ந்த முதற் கோடாக் காமிரா இரண்டரை அங்குல விட்டமுள்ள வட்டப் படங்களையே தந்தது. வட்டம் ஒன்றனுள் நீள்சதுரங்களையும் சதுரத்தையும் வரைந்து ஒப்புநோக்கின், எல்லாவற்றினும் மிக்க பரப்பைக் கொள்வது சதுரமே என்பது கணிதம் காட்டும் உண்மை. வட்டப் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 64 பங்கினைச் சதுரம் கொள்ளும். இரண்டுக்கு மூன்று என்னும் விகிதமுடைய நீள்சதுரம் ஏறத்தாழ 59 பங்கினையே கொள்ளும். எனவே, வில்லையின் பயனை நோக்குமிடத்துச் சதுரமே சிக்கனமான வடிவமாகும்.

1900-இல் கோடாக் நிறுவனம் ஒரு டாலர் விலையில் பிரௌனி என்னும் எளிய பெட்டிக் காமிராவை வெளியிட்டது. சிறுவரும் எடுத்து விளையாடத்தக்க அக்கருவி, இரண்டேகால் அங்குலப் பக்கமுள்ள சதுரப் படங்களைத் தந்தது. கலைஞர் நடுவே சதுரத்திற்கு ஓர் இடம் தேடித்தந்தது, 1929-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்து ஃபிராங்கே-ஹைடெக்கே நிறுவனம் வெளியிட்ட ரோலிஃப்ளெக்ஸ் என்னும் இருவில்லைக் காமிராவேயாகும். இதன் மேல்வில்லை காண்பதற்கு உரியது. கீழ்வில்லை படம் பதிப்பதற்கு உரியது. மேல்வில்லையின் வழி வரும் ஒளியைச் சாய்ந்த ஆடியொன்று மேனோக்கித் திருப்பி, மங்கற் கண்ணாடியொன்றன்மீது வீழ்த்தும். கருவியை மார்பளவில் தாங்கி, தலையைக் குனிந்து அக்கண்ணாடியை நோக்குதல் வேண்டும்.

இவ்வமைப்பே சதுரத்தை வேண்டி நின்றது என்பதனை நோக்குக. கண்ணருகே வைத்து நோக்கும் காமிராவை நெடும்படம் வேண்டின் எளிதிற் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளலாம். மேலிருந்து குனிந்து நோக்கும் காமிராவைப் பக்கவாட்டில் சாய்ப்பின், காண்பவன் தானும் பக்கவாட்டில் நின்று நோக்க நேரிடும். சட்டம் சதுரமாயின் திருப்பவேண்டிய தேவையே இல்லை. ஆகவே சதுரம் அழகு நோக்கி மட்டும் வந்ததன்று. கருவியின் கட்டமைப்பு நோக்கி வந்தது. பின்னர், 120 எனப்படும் படச்சுருளில் பன்னிரண்டு சதுரங்கள் எடுக்கும் முறை நிலைபெற்றது. ஆறுக்கு ஆறு என்று பெயர் பெறினும், அச்சதுரத்தின் உண்மை அளவு ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் பக்கமேயாம். 1948-இல் சுவீடன் நாட்டு விக்டர் ஹாசல்பிளாட் வெளியிட்ட ஒற்றை வில்லைக் காமிராவும் இவ்வளவினையே மேற்கொண்டது.

அதன்பின் சதுரம் பலமுறை மக்கள் கைக்கு மீண்டுவந்தது. 1963-இல் கோடாக் நிறுவனத்தின் இன்ஸ்டமாட்டிக் காமிராவும், 1972-இல் எடுத்தவுடன் படம் தரும் போலராய்டு எஸ்.எக்ஸ்.70 காமிராவும் சதுரப் படங்களையே தந்தன. 2010-இல் தோன்றிய இன்ஸ்டாகிராம், 2015 வரை சதுரப் படங்களை மட்டுமே ஏற்றது. அதனால், சதுரம் என்னும் சொல்லையே எண்ணிப் பாராத கோடிக்கணக்கானோர் சில ஆண்டுகள் சதுரத்திலேயே படம் அமைத்தனர்.

2. நாற்புறமும் ஒத்த வடிவின் இயல்பு

நீள்சதுரம் காண்பவன் கண்ணுக்கு வழிகாட்டும் இயல்புடையது. கிடையாக நீண்ட சட்டத்தில் கண் இடவலமாக ஓடும். நிலமும் கடலும் வீதியும் அதற்கு இயைந்தவை. நெடிதாக நின்ற சட்டத்தில் கண் மேலும் கீழும் செல்லும். மரமும் கோபுரமும் நிற்கும் மனிதனும் அதற்கு இயைந்தவர். எனவே கலைஞன் ஒன்றும் செய்யாதவிடத்தும் சட்டம் ஒருபாதி வேலையைத் தானே செய்துவிடுகின்றது. சதுரம் அத்தகைய உதவி எதனையும் செய்வதில்லை. எத்திசையிலும் செல்க என்று அது கண்ணை ஏவாது. திசை வேண்டுமாயின் அதனைப் பொருளே தருதல் வேண்டும்.

திசை இல்லை என்பதனால் சதுரத்தின் உட்பரப்பு முழுதும் ஒரு தன்மைத்து எனக் கொள்ளற்க. கலையுளவியல் அறிஞர் ருடால்ஃப் ஆர்ன்ஹைம் 1954-இல் வெளியிட்ட, கலையும் கட்புலனும் பற்றிய தம் நூலின் தொடக்கத்திலேயே இதனை விளக்கியுள்ளார். வெண்சதுரம் ஒன்றனுள் கரிய வட்டம் ஒன்றை நடுவினின்று சற்றே விலக்கி வைப்பின், அளவுகோல் கொண்டு அளவாமலே அஃது இடம் பெயர்ந்துள்ளது எனக் கண் உணர்கின்றது. அது நடுவை நோக்கி மீள முயல்வது போலவும் தோன்றுகின்றது. வரையப்படாத கோடுகள் சில சதுரத்தினுள் மறைந்து நின்று ஆள்கின்றன என்பது இதனால் பெறப்படும். நடுப்புள்ளி, நிலைக்கோடு, கிடைக்கோடு, மூலைவிட்டங்கள் இரண்டு ஆகியனவே அம்மறைந்த கட்டுமானம். இக்கோடுகளின்மேல் நிற்கும் பொருள் அமைதியுற்றுத் தோன்றும். இவற்றினின்று சற்று விலகி நிற்பது நிலைகொள்ளாது தோன்றும்.

ஓவியத்திலிருந்து ஒரு சான்று காட்டுவாம். ஜோசஃப் ஆல்பர்ஸ் 1950 முதல் 1976-இல் மறையுங்காறும், சதுரத்திற்கு வணக்கம் என்னும் பொருள்பட்ட தலைப்பில், ஒன்றனுள் ஒன்றாகச் சதுரங்களை அமைத்து ஓவியங்கள் பல தீட்டினார். அவர் உட்சதுரங்களைச் சரிநடுவில் வைத்தாரல்லர். கீழ்நோக்கி இறக்கி வைத்தார். கீழ்ப்புற இடைவெளி ஒன்றாயின், பக்கங்களில் இரண்டும் மேற்புறத்தில் மூன்றுமாக அவ்விடைவெளிகள் அமைந்தன. இச்சிறு மாற்றத்தால் மேல் கீழ் என்னும் வேறுபாடும் நிலத்தின் மீது அமர்ந்தாற்போன்ற எடையும் சதுரத்திற்குக் கிடைத்தன. சதுரம் தராத திசையை ஆல்பர்ஸ் அளவினால் தந்தார் என்பது கருதத்தக்கது.

தமிழ்ச் செய்யுள் மரபிலும் சதுரத்தைக் களமாகக் கொண்ட அமைப்பு உண்டு. தண்டியலங்காரச் சொல்லணியியல் கூறும் சித்திரகவிகளுள் சருப்பதோபத்திரம் என்பது ஒன்று. எட்டெழுத்தாலாய அடிகள் நான்கினை 64 அறைகள் கொண்ட சதுரத்தில் நிரப்பின், எப்பக்கம் தொடங்கிப் படிப்பினும் அச்செய்யுளே வரும். நாற்புறமும் ஒத்தல் என்னும் சதுரத்தின் இயல்புக்கு முற்றும் அடங்கி நின்று புலவன் பெற்ற வெற்றி அது. ஒளிப்படத்தால் அங்ஙனம் அடங்கி நிற்றல் இயலாது. உலகத்துப் பொருள்களுக்கு எடை உண்டு. வானம் மேலும் மண் கீழும் உள்ளன. முகத்திற்கு நோக்கும் திசை உண்டு. திசையற்ற சட்டத்துள் திசையுள்ள உலகத்தை நிறுத்துதலே சதுர ஒளிப்படத்தின் அருமையும் இன்பமும் ஆகும்.

3. நடு

பொருளை நடுவில் வைத்தல் தவறு என்று தொடக்க நூல்கள் பல கூறும். நீள்சதுரத்தில் அவ்வறிவுரை பெரும்பாலும் பொருந்துவதே. நடுவில் நின்ற பொருளின் இருமருங்கும் வெற்றிடம் பயனின்றிக் கிடக்கும். சதுரத்தில் நடுப்புள்ளியினின்று நான்கு பக்கங்களும் சம தொலைவில் உள்ளன. நடுவில் நிற்கும் பொருளை அவை நாற்புறமும் ஒருங்கே தாங்குகின்றன. ஆதலின் நடு, சதுரத்திற்கு உரிய இடம் என்பதில் ஐயமில்லை. ஆயின் எதனை நடுவில் வைப்பது என்பதே வினா.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டயேன் ஆர்பஸ் 1962-ஐ ஒட்டிச் சிறுபடக் காமிராவை விடுத்துச் சதுரத்தை மேற்கொண்டார். 1960-களின் நடுவில் நியூஜெர்சி மாநிலத்து ரோசெல் என்னும் ஊரில் அவர் எடுத்த இரட்டைச் சிறுமியர் படம் பலரும் அறிந்தது. ஒத்த உடையும் ஒத்த தலைப்பட்டையும் அணிந்த இருவர் தோளோடு தோள் ஒட்டி நேராக நோக்கி நிற்கின்றனர். படத்தின் நடுக்கோடு இருவருள் ஒருவர்மீதும் வீழாமல், இருவரும் ஒட்டும் இடத்தில் வீழ்கின்றது. அதனால் காண்பவன் கண் ஒருவரிலிருந்து மற்றவரிடம் மாறிமாறிச் செல்கின்றது. செல்லச்செல்ல, ஒருத்தியின் இதழில் மெல்லிய நகையும் மற்றவளின் இதழில் சிறு வாட்டமும் இருப்பது புலனாகின்றது. ஒப்புமையை நடுவில் நிறுத்தி வேற்றுமையைத் தேடச் செய்தார் ஆர்பஸ். இங்கு நடுவில் இருப்பது ஒரு பொருளன்று, ஓர் உறவு. இத்தகைய காரணம் ஒன்று இல்லாதவிடத்து நடுவில் வைத்தல் சோம்பலின் விளைவேயாகும்.

கருவியின் இயல்பும் இதற்குத் துணைசெய்தது. மார்பளவில் தாங்கிய காமிராவைக் குனிந்து நோக்குவோன் தன் முகத்தைக் கருவிக்குப் பின் மறைப்பதில்லை. எதிரே நிற்போர் அவனையும் காண்கின்றனர், கருவியையும் காண்கின்றனர். மேலும், கண்மட்டத்திற்குக் கீழிருந்து எடுப்பதனால் நிற்போரின் உருவம் சற்றே உயர்ந்து தோன்றும்.

4. பகுப்பும் மூலைவிட்டமும்

ஒளிப்படம் பயில்வார் முதலிற் கேட்பது மூன்றிலொரு பங்கு விதி. 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்பார் நாட்டுப்புறக் காட்சிகள் பற்றி எழுதிய நூலில் இப்பெயரைக் காண்கின்றோம். அது நிலக்காட்சி ஓவியத்தை நோக்கிப் பிறந்தது என்பதனை மறத்தலாகாது. அவ்விதியைச் சதுரத்தில் வைத்துப் பார்ப்போம். அடிவானத்தைக் கீழிருந்து மூன்றிலொரு பங்கில் வைப்பின், அதற்கு மேலுள்ள வானப்பகுதி மட்டும் இரண்டுக்கு மூன்று விகிதமுள்ள நீள்சதுரமாகிவிடுகின்றது. அஃதாவது, சதுரத்தினுள் வழக்கமான கிடைச்சட்டம் ஒன்றும், அதனடியில் ஒரு பட்டையும் கிடைக்கின்றன. அப்பட்டைக்குத் தனிப்பயன் இருப்பின் நன்று. இல்லையேல், சதுரத்தில் எடுத்ததனாற் பெற்ற பயன் ஒன்றுமில்லை.

அடிவானத்தைச் சரிபாதியில் வைத்தலை நூல்கள் விலக்கும். சதுரத்திலோ அது சிலவிடத்துச் சிறக்கும். நீரில் நிழல் விழுந்த காட்சியை எண்ணுக. மேலும் கீழும் ஒத்த எடையுடையன. சரிபாதிப் பகுப்பு அவ்வொப்புமையை உரைக்கும். நீரின் சிற்றலை அவ்வொப்புமையைக் கலைக்கும். கண் இரண்டையும் ஒப்பிட்டு நோக்கும்.

இனி மூலைவிட்டம். சதுரத்தின் மூலைவிட்டம் பக்கங்களோடு 45 பாகை சாய்ந்தது. இரண்டு பக்கங்களுக்கும் சமமாக விலகியது. எனவே சாய்வுகளுள் அஃதே மிகவும் நடுநிலையானது. அதனை ஒட்டிச் செல்லும் சுவரோ ஒளிக்கற்றையோ நிழலோ படத்திற்கு ஓட்டம் தரும். ஆயின் சரியாக மூலையிற் சென்று முட்டும் கோடு கண்ணைப் படத்திற்கு வெளியே இட்டுச் செல்லும். மூலைக்குச் சற்று முன்னரோ பின்னரோ அது பக்கத்தைத் தொடுமாறு அமைப்பின், கண் அவ்விடத்தில் தங்கி மீளும்.

மேலே குறித்த திசையின்மைக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1968 டிசம்பர் 24 அன்று, அப்பொல்லோ 8 விண்கலத்தில் நிலவைச் சுற்றிய வில்லியம் ஆண்டர்ஸ், 250 மில்லிமீட்டர் வில்லை பூட்டிய ஹாசல்பிளாட் காமிராவால் புவி எழும் காட்சியைப் படம் பிடித்தார். வடதிசை மேலாக வைத்து நோக்கின், நிலவின் விளிம்பு வலப்புறத்தில் செங்குத்தாக நிற்க, புவி அதன் இடப்புறத்தே தோன்றும். மக்களிடைப் பரவிய படியோ கால்வட்டம் திருப்பப்பட்டது. அதில் நிலவு கீழே நிலமாகவும் புவி மேலே எழுவதாகவும் உள்ளன. நீள்சதுரமாயின் திருப்பியவுடன் சட்டத்தின் வடிவமே மாறி, திருப்பியது வெளிப்பட்டிருக்கும். சதுரம் அங்ஙனம் காட்டிக்கொடுப்பதில்லை. எழுதல் என்னும் பொருளே திருப்பிய முடிவினாற் பெரிதும் வலுப்பெற்றது. சதுரத்தில் மேல் கீழ் என்பதும் ஒருவர் செய்யும் முடிவே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

5. வெற்றிடமும் ஓரமும்

சிறுபடக் காமிராவிலிருந்து சதுரத்திற்கு வருவோர் முதலில் எதிர்ப்படும் இடர் ஒன்று உண்டு. 24-க்கு 36 மில்லிமீட்டர்ச் சட்டத்தைக் கிடையாக வைத்து 50 மில்லிமீட்டர் வில்லையால் நோக்கின், அகலத்தில் ஏறத்தாழ 40 பாகையும் உயரத்தில் 27 பாகையும் அடங்கும். 56 மில்லிமீட்டர்ச் சதுரத்தில் 80 மில்லிமீட்டர் வில்லையால் நோக்கின், அகலத்திலும் உயரத்திலும் ஏறத்தாழ 39 பாகை அடங்கும். அகலம் பெரும்பாலும் ஒத்திருக்க, உயரம் மட்டும் 12 பாகை மிகுகின்றது. அதனால் பழகிய இடத்தில் நின்று எடுப்போர்க்குக் காலடியில் மண்ணும் தலைக்குமேல் வானும் வேண்டாதே வந்து சேரும். சதுரத்தை வெட்டத் தூண்டுவது பெரும்பாலும் இம்மிகையே.

இதற்குச் செய்யத்தக்கன இரண்டு. ஒன்று, பொருளை நோக்கி இன்னும் சில அடிகள் முன்செல்லுதல். மற்றொன்று, அம்மிகையான வெளிக்கு ஒரு வேலை தருதல். இங்கிலாந்தில் பிறந்த மைக்கேல் கென்னா இரண்டாம் வழியைப் பின்பற்றியவர். ஹாசல்பிளாட் சதுரத்தில், ஜப்பானின் ஹொக்கைடோ தீவுப் பனிவெளிகளைப் பல ஆண்டுகள் எடுத்துள்ளார். அவர் படங்கள் பலவற்றில் பனியும் வானும் ஒரே வெண்மையாகக் கலந்திருக்க, மரமோ வேலியோ சிறிதாக நிற்கும். அங்கு வெற்றிடம் எஞ்சிய இடமன்று. தனிமையை உணர்த்தும் பொருளே அதுதான். சதுரமாதலின் அத்தனிமை எப்பக்கமும் ஒருபடித்தாகச் சூழ்கின்றது.

ஓரங்களையும் நோக்குதல் வேண்டும். சதுரத்தின் நான்கு மூலைகளும் நடுவிலிருந்து சம தொலைவின. ஒரு மூலையில் மட்டும் ஒளிமிக்க துண்டு ஒன்று கிடப்பின் கண் அங்கே ஓடும். மங்கற் கண்ணாடியை நோக்குவோன் நடுவைப் பார்த்தபின் நான்கு ஓரங்களையும் வலமாக ஒருமுறை கண்ணாற் சுற்றிவருதல் நற்பழக்கமாகும். இதற்கு அக்கண்ணாடியே ஒருவகையில் உதவுகின்றது. அதிலே காட்சி இடவலம் மாறித் தோன்றும். வலத்தே செல்வோன் இடத்தே செல்வான்; கடைப்பலகையின் எழுத்தும் தலைமாறித் தோன்றும். பழக்கத்தாற் பெயர் சொல்லி அறிந்த பொருள்கள் இம்மாற்றத்தால் சற்றே அயலாகி, வெறும் வடிவங்களாகக் கண்ணுக்குப் படுகின்றன. அமைப்பை ஆராய்வதற்கு அவ்வயன்மை நன்று.

இந்தியக் கலைஞர் தயானிதா சிங், ஓரத்தின் ஆற்றலை நன்குணர்ந்தவர். வெறும் நாற்காலிகளையே பொருளாகக் கொண்டு 2005-இல் அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். சதுரத்துள் ஆளில்லாத இருக்கையொன்று நிற்கும்பொழுது, அதன் எதிரே யாரோ நிற்கவேண்டிய இடமும் படத்தில் ஓர் உறுப்பாகின்றது. 2022-இல் ஹாசல்பிளாட் பரிசு அவர்க்கு வழங்கப்பெற்றது.

6. வெட்டுதலும் பதிப்பு நெறியும்

சதுரத்தில் எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம் என்னும் கருத்தை இனி ஆராய்வாம். அதன் விலையை முதலிற் கணக்கிடுக. நான்குக்கு ஐந்து என்னும் விகிதத்திற்கு வெட்டின் படத்தில் ஐந்திலொரு பங்கு போகும். மூன்றுக்கு நான்காயின் நான்கிலொன்று. இரண்டுக்கு மூன்றாயின் மூன்றிலொன்று. பரப்பின் இழப்பைப் பொறுக்கலாம். எடுக்கும்பொழுது முடிவு செய்யாமையால் வரும் இழப்பே பெரிது. பின்னர் வெட்டலாம் என்றிருப்பவன் நின்ற இடத்தினின்று நகர்வதில்லை; ஓரத்தை நோக்குவதில்லை. வெட்டுதலால் ஓரத்தை மாற்றலாமேயன்றி, நின்ற இடத்தை மாற்ற இயலாது. முன்னுள்ள பொருளும் பின்னுள்ள பொருளும் ஒன்றையொன்று மறைக்கும் முறை நிற்கும் இடத்தால் அமைவது. அதனைக் கத்தரியால் திருத்துதல் கூடாது.

ஆர்பஸ் 1960-களின் இடையிலிருந்து தம் படங்களைச் சதுரம் முழுதும் தெரியுமாறு, சுற்றிலும் கரிய விளிம்போடு அச்சிட்டார். யான் கண்டதும் கொண்டதும் இவ்வளவே என்று அவ்விளிம்பு சான்று கூறுகின்றது.

இதற்கு மறுதலையாக விவியன் மேயரின் வரலாறு நிற்கின்றது. குழந்தைகளைப் பேணும் பணிசெய்து வாழ்ந்த அவர், 1950-களின் தொடக்கத்திலிருந்து ரோலிஃப்ளெக்ஸ் காமிராவால் நியூயார்க், சிகாகோ நகர வீதிகளை எடுத்துக் குவித்தார். 2007-இல் அவருடைய பொருள்கள் ஏலத்திற்கு வந்தபின்னரே அவை வெளிப்பட்டன. 2009-இல் அவர் மறைந்தார். இன்று உலகம் காணும் படிகளிற் பெரும்பாலன, அவர் மறைவுக்குப் பின்னர்ப் பிறர் சதுரம் முழுதும் தோன்ற அச்சிட்டவை. ஆனால் அவர் தம் காலத்து அச்சிட்டுக்கொண்ட படிகளுள் சில, சதுரத்தை வெட்டிச் சுருக்கியவை. ஆகவே மேயரின் சதுர அமைப்பு என்று நாம் பாராட்டுவதில் எவ்வளவு அவருடைய முடிவு, எவ்வளவு பதிப்பித்தோர் முடிவு என்னும் வினா எழுகின்றது. முழுச்சதுரம் எடுத்தவர் நோக்கத்தைக் காட்டும் என்று எளிதில் துணிதல் தகாது. வெட்டிய படியே அவர் கருத்தாகவும் இருக்கலாம்.

சுவடி பதிப்பார்க்கு இவ்வினா புதிதன்று. ஏட்டிற் கண்ட பாடத்தைக் கண்டவாறே தருவதா, ஆசிரியன் கருதியதெனத் தோன்றும் பாடத்தைத் தருவதா என்பது பதிப்பாசிரியர் நாள்தோறும் எதிர்கொள்வது. எதனைத் தரினும், திருத்திய இடத்தைக் குறித்துக் காட்டுதல் பதிப்பறம் என அவர் கொள்வர். ஒளிப்படத்திற்கும் அவ்வறம் வேண்டும். வெட்டிய படத்தை வெட்டியது என்றும், திருப்பிய படத்தைத் திருப்பியது என்றும் குறித்தல் வேண்டும்.

இது நம் ஆய்வு மாணவர்க்கு நேரே பயன்படுவதாகும். நடுகல் ஒன்றை ஆய்வேட்டிற்காக எடுப்போர், வீரன் உருவம் தெளிவாக வேண்டும் எனக் கருதிச் சதுரப் படத்தை நெடும்படமாக வெட்டிவிடுகின்றனர். வெட்டிய பகுதியிலே கல் நிற்கும் மண்மேடும், அருகே சாய்ந்த மற்றொரு கல்லும், எழுத்துத் தொடரின் கடைசி எழுத்தும் போய்விடுதல் கூடும். பின்வருவார்க்கு அவையே சான்றாக வேண்டியிருக்கலாம். ஆதலின் முழுச்சதுரத்தைக் காத்து வைத்து, வெட்டிய படியை அதனோடு இணைத்துத் தருதல் நன்று.

சதுரம் எல்லாவற்றிற்கும் பொருந்தும் என்று யாம் கூறவில்லை. 40 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓலையொன்றை 56 மில்லிமீட்டர்ச் சதுரத்துள் முழுதும் அடக்கின், அது 4 மில்லிமீட்டர்ப் பட்டையாகவே பதியும். எஞ்சியது முழுதும் வீண். அதற்கு நீண்ட சட்டமே தக்கது. திருவாசியோடு கூடிய ஆடவல்லான் செப்புத்திருமேனிக்கோ சதுரம் இயல்பாகவே பொருந்தும். திருவாசியின் வட்டம் நான்கு பக்கங்களையும் நெருங்கி நிற்க, ஊன்றிய திருவடி நடுக்கோட்டை ஒட்டியும் தூக்கிய திருவடி அதனைக் கடந்தும் அமைகின்றன. அசைவற்ற சட்டமும் அசைவற்ற வட்டமும் சூழ நிற்றலால் ஆடலின் அசைவு மிகுந்து தோன்றும்.

7. முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சில. சதுரம் வில்லையின் வட்டத்தாலும் குனிந்து நோக்கும் கருவியின் கட்டமைப்பாலும் வழக்கில் வந்தது. அதற்கெனத் திசை இல்லை. ஆயினும் நடுவும் அச்சுகளும் மூலைவிட்டங்களும் அதனுள் மறைந்து ஆள்கின்றன. நடுவில் வைத்தலும் பாதியாகப் பகுத்தலும் வெற்றிடம் விடுத்தலும் அங்குத் தவறல்ல. காரணமின்றிச் செய்தலே தவறு. சதுரத்தில் செய்யாது விட்ட முடிவைப் பின்னர் வெட்டுவோரோ திருப்புவோரோ செய்துவிடுவர். அப்பொழுது படம் யாருடையது என்பதே ஐயமாகிவிடும்.

சதுரம் பயில விரும்புவார்க்கு ஒரு பயிற்சி கூறி முடிப்பாம். ஒரே பொருளை, நின்ற இடம் மாறாமல், நடுவில் ஒருமுறையும் ஓரத்தில் ஒருமுறையும் மூலைவிட்டத்தின்மேல் ஒருமுறையும் வைத்து எடுக்க. பின்னர் மூன்று அடி முன்சென்று மீண்டும் அங்ஙனமே எடுக்க. ஆறு படங்களையும் வெட்டாமல் ஒரு தாளில் ஒட்டி, ஒவ்வொன்றன் கீழும் அவ்விடத்தில் வைத்ததற்குரிய காரணத்தை ஒரே தொடரில் எழுதுக. காரணம் எழுதவராத படத்தை நீக்குக. எஞ்சி நிற்பனவே அமைக்கப்பெற்ற படங்களாம்.